சுழலாமல் நின்ற உலக உருண்டை

தலைநகரில் இரண்டு தமிழர்கள் முதன்முதலாகச் சந்தித்தால், ஒருவர் பெயரை மற்றவர் அறிந்துகொள்வதற்கு முன்பே ஒரு கேள்வி எழுந்துவிடும். “உங்களுக்கு எந்த ஊர்?” என்பதே அக்கேள்வி. கரோல்பாக்கில் வாழ்ந்த முந்திய தலைமுறையினர் அதைக் கேட்டார்கள். இராமகிருஷ்ணபுரத்து அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள் கேட்டார்கள். இன்று மயூர் விகாரிலும் துவாரகையிலும் வாழ்பவர்களும் அதையே கேட்கிறார்கள். விடையாக வருவது ஊரின் பெயர் மட்டுமன்று. “கும்பகோணத்திற்கு மேற்கே போய், பாலத்தைத் தாண்டி, வலக்கைப் பக்கம் திரும்பினால் ஒரு குளம் வரும்” என்று வழியும் சேர்ந்தே வரும். ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வந்தவன், ஊரின் வரைபடம் ஒன்றை மனத்தில் மடித்து வைத்துக்கொண்டுதான் வாழ்கிறான்.

அவ்வாறு மனத்தில் கிடந்த படத்தைக் கண்ணெதிரே விரித்துக் காட்டிய கருவி ஒன்று இருந்தது. அது சில ஆண்டுகள் பலருக்கும் பயன்பட்டது, பின்னர் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் வேறு கருவிகள் வந்தன. அக்கருவியின் வரலாற்றையும், அது நமக்கு விட்டுச் சென்ற படிப்பினையையும் இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சிறிது சொல்ல அனுமதிக்க வேண்டும். என் தந்தையார் 1970-களில் மத்திய அரசுப் பணியேற்றுத் தில்லிக்கு வந்தவர். குடமுருட்டி ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். ஓய்வு பெற்ற பின் முழங்கால் வலியினால் நெடும் ரயில் பயணம் அவருக்கு இயலாததாயிற்று. 2010-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரைக் கணினியின் முன் உட்கார வைத்து, திரையில் சுழன்ற உலக உருண்டையைத் தமிழகத்தின் மேல் நிறுத்தி, மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன். காவிரியிலிருந்து கிளைகள் பிரிவது தெரிந்தது. ஆறு வளைந்து செல்லும் ஓரிடத்தில் அவர் விரலை வைத்தார். “இதோ, இந்த வளைவுதான். இதற்குக் கிழக்கே பார், குளம் இருக்கும்” என்றார். குளம் இருந்தது.

அக்காலத்தில் இங்குள்ள தமிழர்களின் சிறு சங்கம் ஒன்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தது. அந்நாளில் வழங்கிய செருகுநிரல்களுள் ஒன்றின் துணையால் அப்பக்கத்தில் ஓர் உலக உருண்டை சுழன்றது. உறுப்பினர்கள் தத்தம் ஊரில் தாங்கள் அறிந்த இடங்களுக்கு அதில் அடையாளமிட்டுப் பெயர் எழுதலாம். என் தந்தையார் சொல்லச் சொல்ல நான் பதினோர் இடங்களைக் குறித்தேன். குளம், மதகு, அய்யனார் கோயில், திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்த இடம், களத்துமேடு, சுமைதாங்கிக் கல் என்று அவை நீண்டன. அரசாங்கப் பதிவேடு எதிலும் அவற்றுட் பலவற்றின் பெயர் இராது. வேறு சில முதியவர்களும் அவ்வாறே தத்தம் ஊர்களைக் குறித்து வைத்தார்கள்.

சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் அந்தப் பக்கத்தைத் திறந்தபோது, உருண்டை இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றே தெரிந்தது. இந்தச் செருகுநிரல் இனி இயங்காது என்று ஒரு வரி அதில் இருந்தது. அருகில் நாற்காலியில் அமர்ந்திருந்த என் தந்தையார், “என்ன, ஊர் வரவில்லையா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இந்த வரலாற்றை நான் படிக்கலானேன்.

‘பிளக்-இன்’ என்பதற்குச் செருகுநிரல், செருகி, நீட்சி என்று தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்குச் செருகுநிரல் என்பதே பொருத்தமாகப் படுகிறது. இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவி, தொடக்கத்தில் எழுத்தையும் படத்தையும் மட்டுமே காட்ட வல்லதாக இருந்தது. ஒலி, அசையும் படம், முப்பரிமாணக் காட்சி ஆகியவற்றை அதனால் தானே காட்ட முடியாது. நம் ஊர் வீடுகளில் இடம் போதாதபோது சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்குவது வழக்கமல்லவா? அதுபோல, பிறர் எழுதிய நிரல் ஒன்றை உலாவியோடு ஒட்டவைப்பதற்கு நெட்ஸ்கேப் என்ற நிறுவனம் 1995-ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தது. அம்முறையைப் பிற உலாவிகளும் மேற்கொண்டன. பிளாஷ், ஜாவா, சில்வர்லைட் முதலிய செருகுநிரல்கள் இவ்வழியாகவே வீடுதோறும் புகுந்தன.

வரைபடத் துறைக்கு வருவோம். அமெரிக்காவில் கீஹோல் என்ற சிறு நிறுவனம், வானிலிருந்து எடுத்த படங்களை ஓர் உருண்டையின் மேல் போர்த்தி, கணினித் திரையில் சுழலச் செய்யும் நிரல் ஒன்றை ஆக்கியிருந்தது. 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் கூகுள் நிறுவனம் அதனை வாங்கிற்று. மறு ஆண்டு ஜூன் திங்களில் அந்நிரல் ‘கூகுள் எர்த்’ என்ற பெயரில் யாவருக்கும் இலவசமாக வழங்கப்பட்டது. அதுவரை பெரும்பாலும் படைத்துறையினரும் ஆய்வாளர்களும் கண்டு வந்த காட்சியை வீட்டு மாணவனும் காணத் தொடங்கினான்.

அதனால் இங்கே கவலையும் பிறந்தது. 2005-ஆம் ஆண்டு அக்டோபரில், அந்நாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்கள், ஐதராபாத்தில் காவல்துறை அதிகாரிகளிடையே உரையாற்றும்போது, இத்தகைய படங்கள் தீயோர் கையில் பயன்படக்கூடும் என்று எச்சரித்தார். விண்வெளித் துறையிலும் ஏவுகணைத் துறையிலும் ஊறிய ஒருவர் கூறிய எச்சரிக்கை என்பதனால் அது உலகெங்கும் கவனிக்கப்பட்டது. காண்பதற்கு மக்களுக்குள்ள ஆவலும், காப்பதற்கு அரசுக்குள்ள பொறுப்பும் ஒன்றோடொன்று மோதும் செய்தி இந்த வரலாறு முழுவதிலும் ஓடுகிறது.

2008-ஆம் ஆண்டு மே திங்களில், கூகுள் எர்த்தை உலாவிக்குள்ளேயே இயங்கச் செய்யும் செருகுநிரல் வெளிவந்தது. அதுகாறும் தனி நிரலாக இருந்த உருண்டை, இப்பொழுது எவருடைய இணையப் பக்கத்திலும் பதிந்து சுழலலாயிற்று. பள்ளி ஆசிரியர் நில நூல் பாடத்திற்கு அதைப் பயன்படுத்தலாம். சுற்றுலாத் துறையினர் மலைப் பாதையைக் காட்டலாம். ஒரு சங்கம் தன் உறுப்பினர்களின் ஊர்களைக் குறிக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சில கட்டளைகளை எழுதத் தெரிந்தால் போதும். உருண்டை முழுவதும் நம் கணினிக்கு வருவதில்லை. நாம் பார்க்கும் பகுதிக்குரிய படத் துண்டுகள் மட்டும் தொலைவிலுள்ள கணினிகளிலிருந்து அவ்வப்போது வந்து ஒட்டிக்கொள்ளும். அணுக அணுக நுண்மையான துண்டுகள் வரும். மெதுவாக வரும் இணைப்பில், முதலில் மங்கலாகத் தெரிந்த ஊர் சிறிது சிறிதாகத் தெளிவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் காரணம் இதுவேயாகும்.

நம் நாடும் வாளாவிருக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மார்ச்சில் ஐ.ஆர்.எஸ். 1-ஏ என்ற தொலை உணர்வுச் செயற்கைக் கோள் வானில் ஏறியது முதல், இந்திய நிலப்பரப்பை நம் கோள்களே படமெடுத்து வந்துள்ளன. 2005-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1, இரண்டு கோணங்களிலிருந்து படமெடுத்து நிலத்தின் மேடுபள்ளங்களையும் அளக்க வல்லது. இந்தச் செல்வத்தைப் பொதுமக்களுக்குக் காட்டும் பொருட்டு, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ‘புவன்’ என்னும் இணையத் தளத்தை அமைத்தது. ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலை உணர்வு மையம் அதை நடத்துகிறது. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், புது தில்லியில், பிரதமர் அலுவலக இணை அமைச்சராக இருந்த பிருதிவிராஜ் சவாண் அதனைத் தொடங்கி வைத்தார். புவனம் என்ற சொல் நமக்கும் உரியதே. ஆதலின் தமிழ் நேயர்க்கு அப்பெயரை விளக்க வேண்டுவதில்லை.

புவனின் முப்பரிமாணக் காட்சியும் தொடக்கத்தில் ஒரு செருகுநிரலையே நம்பி நின்றது. பெயரைப் பதிந்துகொண்டு, செருகுநிரலை இறக்கி நிறுவிக்கொண்டு, விண்டோஸ் கணினியில்தான் அதைக் காண முடிந்தது. நாட்டின் படம் நாட்டு மக்களின் கையில் வந்தது பெருமைக்குரியது. ஆயினும் இந்தச் சாய்ப்பின் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது.

சாய்ப்பு இறக்கிய வீட்டில் என்ன நேரும்? திருடன் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருவான். செருகுநிரல்களின் நிலையும் அதுவேயாயிற்று. அவை உலாவியின் காவலுக்கு வெளியே, கணினியின் உள்ளறை வரை செல்லும் உரிமை பெற்றவை. ஒரு செருகுநிரலில் குறை இருந்தால், தீங்கு செய்யும் நிரல் அதன் வழியே நுழையும். அது நிலைகுலைந்தால் உலாவியும் உடன் விழும். அன்றியும் ஒவ்வொரு வகைக் கணினிக்கும் தனித்தனியே அதை எழுத வேண்டும். 2007-ஆம் ஆண்டில் ஐபோன் வந்தபோது, அதன் உலாவியில் பிளாஷ் முதலியவற்றுக்கு இடமே இல்லை. மக்கள் கணினியை விட்டுக் கைப்பேசிக்கு மாறலானபோது, செருகுநிரலின் காலம் முடிவை நோக்கிச் சென்றது.

சாய்ப்பை இடிப்பதற்கு முன் வீட்டைப் பெரிதாக்க வேண்டுமல்லவா? அவ்வேலையும் நடந்தது. 2011-ஆம் ஆண்டு மார்ச்சில் ‘வெப்ஜிஎல்’ என்ற பொதுத் தரம் வெளியிடப்பட்டது. முப்பரிமாணக் காட்சியை, வெளியார் துணையின்றி, உலாவி தானே வரைவதற்கு அது வழி செய்தது. அதன் பிறகு செருகுநிரலைக் காப்பதற்குக் காரணம் குறைந்தது. 2013-ஆம் ஆண்டு செப்டம்பரில், தன் குரோம் உலாவியிலிருந்து பழைய செருகு முறையைப் படிப்படியாக நீக்கப்போவதாகக் கூகுள் அறிவித்தது. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில், உலாவிகள் அம்முறையைக் கைவிடுவதைக் காரணமாகக் காட்டி, எர்த் செருகுநிரலையும் நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் குரோம் உலாவி அம்முறையை முற்றிலும் ஒழித்தது. 2017-ஆம் ஆண்டு மார்ச்சில் பயர்பாக்ஸ் உலாவியும், பிளாஷ் ஒன்றை மட்டும் விட்டு, மற்றவற்றை விலக்கியது. பிளாஷும் 2020-ஆம் ஆண்டின் இறுதியில் விடைபெற்றது. இருபத்தைந்து ஆண்டுக் காலம் நின்ற சாய்ப்பு இவ்வாறு இடிக்கப்பட்டது.

அதனிடத்தில் வந்தவை எவை? வெப்ஜிஎல்லை அடிப்படையாகக் கொண்டு, ‘சீசியம்’ என்ற உலக உருண்டை அமெரிக்காவில் ஆக்கப்பட்டது. அதன் மூல நிரல் யாவரும் எடுத்தாளும்படி 2012-ஆம் ஆண்டில் திறந்துவிடப்பட்டது. எர்த் செருகுநிரலை இழந்த பக்கங்கள் பல இதைத் தழுவின. கூகுள் எர்த்தும் 2017-ஆம் ஆண்டு ஏப்ரலில், செருகுநிரல் வேண்டாத புது வடிவில், குரோம் உலாவியில் மட்டும் திரும்பி வந்தது. 2020-ஆம் ஆண்டில்தான் பிற உலாவிகளிலும் இயங்கலாயிற்று. நம் புவன் தளமும் இப்பொழுது செருகுநிரல் இன்றியே திறக்கிறது. தில்லியில் 1995-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘மேப்மைஇந்தியா’ நிறுவனத்தின் வரைபடங்களும் வழக்கத்தில் உள்ளன. 2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஓப்பன்ஸ்டிரீட்மேப்’ என்னும் பொதுவுடைமை வரைபடத்தில், ஊர்ப் பெயரைத் தமிழிலேயே எழுதிச் சேர்க்கும் வசதியும் உண்டு. எனவே, கருவி நின்றதனால் வழி அடைபட்டுப் போகவில்லை. ஆனால் பழைய பக்கம் தானாகப் புதிய கருவிக்கு மாறாது. ஒருவர் உட்கார்ந்து மாற்றி எழுத வேண்டும். ஆளும் பொருளும் உள்ள இடங்களில் மாற்றினார்கள். ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு சிறு சங்கங்களும் ஆசிரியர்களும் அமைத்த பக்கங்களில் மாற்றுவதற்கு ஆளில்லை. சாம்பல் நிறக் கட்டத்தோடு அவை நின்றுவிட்டன.

நேயர்களே, நில அளவைக் கருவி ஒன்று காலாவதியாவது நமக்குப் புதிதன்று. உலகம் வியந்த நில அளவை ஒன்று தொடங்கியது நம் சென்னையிலேதான். 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி, பரங்கிமலைக்கு அருகே நிலத்தில் எஃகுச் சங்கிலியை நீட்டி ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அந்த ஒரு கோட்டை அளந்து முடிக்கப் பல வாரங்கள் ஆயின. அந்த அடிக்கோட்டின் மேல் முக்கோணத்தை எழுப்பி, அதன் பக்கத்தில் அடுத்த முக்கோணத்தை எழுப்பி, வடக்கே இமயத்தின் அடிவாரம் வரைக்கும் அளந்து சென்றார்கள். லாம்டன் 1823-இல் மத்திய இந்தியாவில் முகாமிலேயே உயிர் நீத்தார். ஜார்ஜ் எவரெஸ்டு அப்பணியைத் தொடர்ந்தார்.

அவர்களுடைய பெருங்கருவி, கோணத்தை அளக்கும் தியோடலைட்டு என்பதாகும். அரை டன் எடையுள்ளது. 1808-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதைக் கயிறு கட்டி ஏற்றும்போது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நசுங்கிற்று. மற்றொருவராயின் மனம் உடைந்திருப்பார். லாம்டன் கூடாரத்தில் அமர்ந்து, வளைந்த வட்டத்தைத் தாமே சிறிது சிறிதாக நிமிர்த்தி, சில வாரங்களில் மீண்டும் அதைப் பயன்படுத்தலானார். இன்று அந்தச் சங்கிலியும் தியோடலைட்டும் வரலாற்றுச் சின்னங்கள். அவ்வேலையைச் செயற்கைக் கோள்கள் செய்கின்றன. ஆனால் அவர்கள் கண்ட கோணங்களும் நீளங்களும் பதிவேடுகளில் எழுதப்பட்டன. பின்னர் பல தொகுதிகளாக அச்சிடப்பட்டன. கருவி போயிற்று, அளவை நின்றது.

நாடு விடுதலை பெற்ற பின் மற்றொரு மாற்றம் வந்தது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அமைந்த வரைபடங்களே நெடுங்காலம் வழங்கிவந்தன. 1956-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்தது. அதற்கேற்ப, ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் புதிய படங்களை இந்திய நில அளவைத் துறை வரையலாயிற்று. பின்னர் 2005-ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று இரு வகைப் படங்களை வகுத்தது. பொதுமக்களுக்குரிய படங்களில், எவரெஸ்டு 1830-இல் கணித்த புவி வடிவத்தை விட்டு, உலகு முழுவதற்கும் பொதுவான கணிப்பை மேற்கொண்டார்கள். பழைய கணிப்பின்படி எழுதிய அட்சரேகை, தீர்க்கரேகைகளை அப்படியே புதிய படத்தில் வைத்தால், குறி வேறோரிடத்தில் விழும். உரிய கணக்கின்படி மாற்றி வைத்தால் சரியான இடத்தில் அமரும். எந்தக் கணிப்பின்படி அளந்தோம் என்று முன்னோர் தெளிவாக எழுதி வைத்தமையால்தான் அவ்வாறு மாற்ற முடிந்தது.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2008-ஆம் ஆண்டில் கூகுள் ‘மேப் மேக்கர்’ என்ற கருவியை வெளியிட்டது. பெங்களூரில் பணியாற்றிய பொறியாளர்களின் முயற்சியால் உருவானது அது. வரைபடம் இல்லாத ஊர்களில் அவ்வூர் மக்களே தெருவையும் குளத்தையும் வரைந்து பெயரிடுவதற்கு அது வழி வகுத்தது. நம் நாட்டில் எத்தனையோ ஊர்களின் சந்துகள் அவ்வாறு முதன்முதலாகப் படத்தில் ஏறின. 2013-ஆம் ஆண்டில் அதன் பொருட்டு நடத்தப்பட்ட போட்டி ஒன்று, உரிய அனுமதியின்றி நடந்தது என்று இந்திய நில அளவைத் துறை தில்லிக் காவல்துறையிடம் முறையிடும் அளவிற்குச் சென்றது. 2017-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் அக்கருவியும் மூடப்பட்டது. மக்கள் வரைந்த படம் அந்நிறுவனத்தின் வரைபடத்தில் கலந்து நிற்கிறது. வரைந்த கருவியோ அவர்கள் கையில் இல்லை. பிறர் நிலத்தில் நட்ட மரம் நிழல் தரும். ஆனால் அதற்கு நீர் வார்ப்பதும் வெட்டுவதும் நிலத்துக்கு உரியவர் விருப்பம் என்பதை அது காட்டிற்று.

ஊர்ப் பெயர் எத்துணை நுண்மையான செய்தி என்பதை என் தொழிலில் நான் நாள்தோறும் காண்கிறேன். ஓர் ஊரின் பெயரை ஆங்கிலத்தில் கண்டு தமிழில் எழுத வேண்டுமானால், அது குறிலா நெடிலா, லகரமா ளகரமா ழகரமா என்பது அவ்வூரார் வாய்மொழியைக் கேட்டால்தான் தெரியும். 2020-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. புதிய எழுத்துக்கோவை பற்றிப் பலர் குறை கூறவே, அதே திங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. பெயர் பற்றி நம் மக்கள் எவ்வளவு கருத்தாக இருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. ஊர்ப் பெயருக்கே இவ்வாறாயின், ஒரு மதகின் பெயரும் ஒரு மேட்டின் பெயரும் எங்கே நிற்கும்? அறிந்தவர் சொல்லி, ஒருவர் எழுதி வைத்தாலன்றி நில்லா.

இனி என் வீட்டுக் கதையை முடிக்க வேண்டும். அந்தச் சங்கத்துப் பக்கம் மறைந்தபோது அதில் இருந்த குறிகளை யாரும் தனியே எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைக்க முடியும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவும் இல்லை. உருண்டை சுழலும்வரை ஊர் அங்கேயே இருக்கும் என்று நினைத்துவிட்டோம். குற்றம் எங்களுடையதே. குறித்த முதியவர்களுட் சிலர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். அவர்களிடம் மறுபடியும் கேட்க வழியில்லை.

எங்கள் பதினோர் இடங்கள் மட்டும் தற்செயலாகத் தப்பின. 2011-ஆம் ஆண்டில், ஊரிலுள்ள என் பெரியப்பா மகனுக்குக் காட்டும் பொருட்டு, அக்குறிகளை ஒரு சிறு கோப்பாக ஆக்கி மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். கே.எம்.எல். என்று அக்கோப்பு வகைக்குப் பெயர். கீஹோல் நிறுவனம் வகுத்த முறையாதலால் அதன் பெயரின் முதலெழுத்து அதில் நிற்கிறது. ஓரிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, பெயர், குறிப்பு ஆகியவற்றை யாரும் படிக்கக்கூடிய எழுத்துகளாகவே அது வைத்திருக்கும். 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் அது ஒரு நிறுவனத்தின் தனியுடைமையாக இல்லாமல் உலகப் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. நிறுவனத்தின் பெயர் மறைந்தது, செருகுநிரல் மறைந்தது, அந்தக் கோப்பு முறை மறையவில்லை. இன்று வழங்கும் கருவிகள் பலவும் அதைப் படிக்கும்.

2019-ஆம் ஆண்டில் அண்ணன் அந்தப் பழைய மின்னஞ்சலைத் தேடி எடுத்து எனக்குத் திருப்பி அனுப்பினார். புதிய உருண்டையில் அதைத் திறந்தேன். பதினோரு குறிகளும் தத்தம் இடத்தில் வந்து அமர்ந்தன. தமிழ்ப் பெயர்கள் எழுத்துப் பிழையின்றி இருந்தன. புதிய படத்தில் ஊர் சிறிது மாறியிருந்தது. களத்துமேட்டின் மேல் ஓட்டுக் கூரைகளும் மாடி வீடுகளும் தெரிந்தன. சுமைதாங்கிக் கல்லின் குறி, அகலப்படுத்திய சாலையின் நடுவில் விழுந்தது. தந்தையார் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “கல் இல்லாவிட்டால் என்ன? அது இருந்த இடம் தெரிகிறதல்லவா?” என்றார். அதற்கு அடுத்த ஆண்டு அவர் காலமானார். அந்தக் கோப்பு மட்டும் இராவிட்டால், அந்தச் சாலையில் போகும் என் மகளுக்கு அங்கே ஒரு கல் இருந்த செய்தியைச் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

காலம் இப்பொழுது நமக்கு அனுகூலமாக இருக்கிறது. இந்திய நில அளவைத் துறை தோன்றி 250 ஆண்டுகள் நிறைந்த 2017-இல், பொதுமக்களுக்குரிய வரைபடங்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வசதி செய்யப்பட்டது. 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள், இந்தியர்கள் நில விவரங்களைத் திரட்டவும் வரைபடமாக வெளியிடவும் முன் அனுமதி பெற வேண்டும் என்ற பழைய நிலையைப் பெரிதும் மாற்றின. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் தேசிய நிலவியல் விவரக் கொள்கையும் அறிவிக்கப்பட்டது. நாம் நம் ஊரைக் குறித்து வைப்பதற்கு இருந்த தடைகள் குறைந்துள்ளன.

ஆகையால், வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். உங்கள் வீட்டில் ஊரை அறிந்த பெரியவர் இருந்தால், ஒரு விடுமுறை நாளில் அவரைத் திரையின் முன் உட்கார வையுங்கள். எந்த உருண்டை, யாருடைய வரைபடம் என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டுவதில்லை. இன்றுள்ள கருவியும் ஒருநாள் நிற்கும். அவர் சொல்லும் இடங்களைக் குறியுங்கள். பெயரை அவர் உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதுங்கள். பின்னர் மறவாமல் அக்குறிகளைத் தனிக் கோப்பாக எடுத்து, உங்களிடம் ஒன்றும் உறவினரிடம் ஒன்றுமாக வையுங்கள். ஒரு தாளில் எழுதி வைத்தால் இன்னும் நன்று. லாம்டன் தம் பதிவேட்டை எழுதிய முறையும் அதுவே.

எங்கள் சங்கத்தில் இப்பணியை மீண்டும் தொடங்கியிருக்கிறோம். இழந்த ஊர்களுள் சிலவற்றைப் பிள்ளைகளின் நினைவிலிருந்து மீட்க முயல்கிறோம். தந்தையார் சொன்ன அளவுக்கு மகனுக்குத் தெரிவதில்லை. மதகு தெரிகிறது, அதன் பெயர் தெரிவதில்லை. சென்ற மாதம் ஒரு நண்பர் தம் ஊர்க் குளத்தைக் குறித்துவிட்டு, பெயர் எழுதும் இடத்தில் வெகுநேரம் தயங்கினார். கடைசியில், ஊருக்குத் தொலைபேசியில் பேசி அத்தையிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறி, அந்த இடத்தை வெறுமையாக விட்டார். மறுவாரம் பெயரோடு வந்தார்.